'வண்டி' என்ற பெயரில் ஒரு குரல்

மார்ச் 4, செவ்வாய்

சர்க்கரை நோய் வகுப்பில் சேர்ந்தாயிற்று. மருத்துவமனை நர்ஸ் ஒருவர் செவ்வாய் மாலைகளில் போனில் வீடியோ வழியாக நடத்துகிறார். முகம் காட்ட வேண்டியதில்லை. பெயரும் நம் இஷ்டம். நான் 'பார்வை' என்று வைத்தேன். கண்ணாடிக் கடைக்காரனுக்கு வேறென்ன தோன்றும். இன்றைய பாடம், சாப்பாட்டு அளவு. மனைவி என்னைவிடக் கவனமாகக் கேட்டாள். என் தட்டைப் பார்த்தபோது தெரிந்தது.

மார்ச் 11, செவ்வாய்

இன்று பாதப் பராமரிப்பு. 'வண்டி' என்ற கறுப்புக் கட்டத்துக்குள் யாரோ தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலோடு ஒரே அறையில் வளர்ந்தவன் நான். அண்ணன்.

ஒரே ஊரில் இருந்துகொண்டு, மகள் கல்யாணப் பத்திரிகையை எனக்குத் தபாலில் அனுப்பிய அண்ணன். நான் போகவில்லை. அதிலிருந்து பேச்சு கிடையாது. அவனுக்கும் சர்க்கரை என்பதே இன்றுதான் தெரியும்.

"ஷூ கடிச்சு விரல்ல சின்னப் புண்ணு. வலியே இல்லம்மா" என்றான்.

"வலி இல்லைன்னு சந்தோஷப்படாதீங்க. நரம்பு மரத்துப் போயிருக்கலாம். நாளைக்கே வந்து காட்டுங்க" என்றார் நர்ஸ்.

"பார்க்கலாம்மா."

எங்கள் குடும்பத்தில் பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று பொருள். "போய்க் காட்டித் தொலையேன்டா" என்று கத்திவிட்டேன். நல்லவேளை, மைக் மூடியிருந்தது.

மார்ச் 12

"ஒரு போன் பண்ணுங்களேன்" என்றாள் மனைவி. அவன்தானே முதலில் பேச வேண்டும் என்றேன். "அப்ப மருந்தையும் தபால்ல அனுப்பிடுங்க."

மார்ச் 18, செவ்வாய்

வகுப்பு நடக்கும்போதே 'வண்டி'க்குத் தனிச்செய்தி அனுப்பினேன். புண்ணைக் காட்டினீர்களா?

யார் நீங்கள் என்று பதில். சக நோயாளி என்றேன். முதலில் உங்கள் காலைப் பாருங்கள் என்று வந்தது. சந்தேகமே இல்லை, அண்ணன்தான்.

மார்ச் 20

கடையை மூடிவிட்டு அவனுடைய ஓட்டுநர் பள்ளிக்குப் போனேன். வண்டி கற்க வந்த ஓர் அம்மா காரின் ஓட்டுநர் இருக்கையில், பக்கத்தில் அண்ணன்.

"என்னடா இந்தப் பக்கம்?"

"ஷூவைக் கழட்டு."

"அந்தச் சக நோயாளி நீதானா?"

கழற்றினான். காலுறை ஈரமாக இருந்தது. அவனுக்கே தெரியவில்லை. நாற்றம் எனக்கு வந்தது. அந்த அம்மாவுக்கும் வந்திருக்க வேண்டும், கண்ணாடியை இறக்கினார். "நேரா ஆஸ்பத்திரிக்கே ஓட்டட்டுமா சார்?" என்றார். ரோட்டில் அவருக்கு இரண்டாம் நாளாம். சைக்கிள்கள் எங்களை முந்திப் போயின. "கியரை மாத்துங்கம்மா, கண்ணாடியப் பாருங்கம்மா" என்று வழி நெடுக அண்ணன் பாடம் நடத்தினான். பின்னிருக்கையில் நான். அவன் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எந்தக் காலால் மிதிக்கிறான் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 22

சுண்டுவிரல் போய்விட்டது. கால் இருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்றார் மருத்துவர், பஸ் எப்போது வரும் என்று சொல்வதுபோல.

வராந்தாவில் உட்கார்ந்தேன். குரலைக் கேட்ட அன்னிக்கே நான் ஏன் போகல? ஒரு பத்திரிகைக்காகவா —

மார்ச் 29

சர்க்கரைச் செயலியில் அண்ணன் என்னையும் சேர்த்துக்கொண்டான். அவன் அளவு எனக்கு வரும், என் அளவு அவனுக்கு. விடிந்ததும் போன். "இருநூறா? என்னத்தடா தின்ன?"

பேசாமல் இருந்த காலம் நிம்மதியாக இருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

அண்ணன் வீட்டில் உட்கார்ந்து வகுப்பைப் பார்த்தோம். புதிதாகச் சேர்ந்த ஒருவர், குதிகாலில் வெடிப்பு, ரத்தம் வருகிறது, ஆனால் வலிக்கவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்றார்.

நர்ஸ் பதில் சொல்வதற்குள் அண்ணன் போனை என் கையில் திணித்து, கேமராவைத் திறந்து, காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தான். விரல் இருந்த இடம் எல்லோருக்கும் தெரிந்தது.

"எனக்கும் வலிக்கலங்க" என்றான்.

பிறகு அந்த மனிதர், நாளைக்குக் காலையில் எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்டார்.

"படம் ஆடாம தெளிவா இருக்கே, யார் போனைப் பிடிச்சிருக்காங்க?" என்றார் நர்ஸ்.

"என் தம்பி."

கை வலித்தது. நான் அசைக்கவில்லை.