தவக்காலத்தில் வந்த படம்

மகள் என் கைபேசிக்கு ஒரு பழைய சினிமாப் படம் அனுப்பியிருந்தாள். திறந்தால் மழை பெய்கிற தெரு, ஓரத்தில் நாம் விடாமல் பார்த்த அந்த டைரக்டர் பெயர். ஆபீஸுக்கு நீ கொண்டுவந்த சோற்றுத் தூக்கின் மாசிக் கருவாட்டுச் சம்பல் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. நம் ஊருக்குத் திரும்பி வராமலே போன அதே படம்!

அப்போதுதான் உங்கள் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் கழிந்திருந்தது. நான் எந்தக் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசினேன்? ஆனாலும் உன்னை விட்டுவிட்டுப் பார்க்க மனசு வரவில்லை. அப்படியே மூடி வைத்தேன்.

எழுபதுகளில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கிய சமயம், ஷிப்பிங் ஆபீஸில் எதிரெதிரே உட்கார்ந்து நாம் டைப் அடித்ததெல்லாம் இறக்கிய சரக்கில் எது சேதம், எத்தனை மூட்டை குறைவு என்ற அறிக்கைதான். மத்தியானச் சாப்பாட்டில் நீ அந்த டைரக்டரின் படங்களையும் அதே கண்ணோடு தரம் பிரிப்பாய். சிரிப்புப் படத்துக்கு, "சேதாரமில்லாம வந்து சேந்திருக்கு." புராணப் படத்துக்கு, "மூட்டை நனைஞ்சு போச்சு, வெறும் ஜிகினா." கொலை வழக்குப் படத்துக்கு மட்டும் என்னை இரண்டாம் முறையும் இழுத்துக்கொண்டு போனாய். ஒரே ஆள் எப்படி இத்தனை விதமாக எடுக்கிறார் என்று நான் வியந்தால் உனக்குச் சிரிப்பு.

"ஏளா, விதமெல்லாம் மேல போட்ட சாக்குதான். உள்ள ஒரே சரக்கு. கடைசியில யாராவது ஒருத்தர் என்னமோ சொல்ல வாயெடுப்பாவ, சொல்ல மாட்டாவ. கவனிச்சியா?"

யோசித்துப் பார்த்தேன். மேடையை விட்டு இறங்கும் கோமாளி, கோர்ட்டு வாசலில் கொலைகாரன் பெண்டாட்டி, சாபம் நீங்கிய ராணிகூட அப்படித்தான் நின்றார்கள்.

அப்புறம் இந்தப் படம் வந்தது, சரியாகத் தவக்காலத்தில். "நாங்க கொட்டகைப் பக்கமே வரக்கூடாது. நீ பாத்துட்டு வந்து ஒண்ணு விடாம சொல்லு" என்றாய். சொன்னேன். ஓடிப்போன மகன் திரும்பி வந்து வாசலில் நிற்கிறான், அம்மா கதவைச் சாத்திவிடுகிறாள் என்று முடித்தேன்.

"சாத்திட்டாளா? அந்த ஆளு அப்படி முடிக்க மாட்டாவ. நீ அழுதுட்டு இருந்திருப்ப. கடைசி மூட்டை குறையுது, போ!"

படத்தைப் பார்க்காதவள் பார்த்தவளிடம் வாதாடினால் கோபம் வராதா? ஒரு வாரம் உன்னோடு டீ குடிக்கவில்லை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரம் வந்ததும் கொட்டகைக்காரர்கள் வழக்கம்போல ஏசுவின் பாடுகள் படத்தைப் போட்டுவிட்டார்கள். ஈஸ்டருக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு நீ கொட்டகை வாசலில் போய் நின்றபோது அந்தப் படத்தின் போஸ்டர்கூட இல்லை.

போன ஐப்பசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதைத்தான் கேட்டாய். "நெசமாவே சாத்திட்டாளா?"

"சாத்திட்டா" என்றேன். நீ நம்பவில்லை, சிரித்தாய்.

ஈஸ்டர் அன்று மத்தியானம் படத்தைப் போட்டேன். அழக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். அம்மா தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அன்றைக்கு இந்த இடத்தில்தான் முந்தானையில் முகத்தைப் புதைத்திருக்கிறேன். அவள் சாத்தவில்லை. பாதிக் கதவைப் பிடித்தபடி மகனையே பார்க்கிறாள், ஏதோ சொல்ல வாய் திறக்கிறாள். படம் முடிந்துவிட்டது.

நீ ஜெயித்துவிட்டாய். இன்றைக்கும் எந்தப் படம் பார்த்தாலும் உன் தீர்ப்புதான் முதலில் காதில் விழுகிறது. இதை உடனே உனக்குச் சொல்ல வேண்டுமே என்று கைபேசியில் உன் பெயரைத் தேடி எடுத்துவிட்டேன். பிறகுதான் நீ இல்லை என்ற நினைவு வந்தது. "ஏளா" என்று வாயெடுத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.