டப் என்று மூடும் மஞ்சள் உறை

அக்கா,

இன்று காலை உங்கள் மின்நூல் கருவியின் மஞ்சள் உறையில் மூடி மூடவில்லை. மூடினேன், திறந்துகொண்டது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தேன். கையை எடுத்ததும் மெல்ல எழும்பி என்னைப் பார்த்தது. உள்ளே இருந்த காந்தம் எங்கோ கழன்று விழுந்துவிட்டது போலிருக்கிறது. விளிம்பை மூக்கருகே கொண்டுபோனேன். டயாலிசிஸ் நிலையத்தில் எதையெடுத்தாலும் துடைப்பார்களே, அந்த ஸ்பிரிட் வாசனை.

"இதுக்குப் போயி அழுவுறியா?" என்று கேட்பீர்கள். அழவில்லை. எரிச்சல்தான். இன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் மக்சிக் காத்துக்கொண்டிருப்பாரே என்று நினைத்தேன். உங்கள் பக்கத்து நாற்காலியில் படுத்திருந்த அந்த மலாய்க்காரப் பெரியம்மாவிடம் சத்தமில்லாத மூடியோடு போய் நிற்க முடியுமா? திருப்பி அனுப்பிவிடுவார்.

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் நாம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த காலத்திலேயே உங்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். தீவிலிருந்து பாலம் தாண்டிப் போகும் தொழிற்சாலை பஸ்ஸில் உங்களுக்கு ஜன்னலோர இருக்கை, எனக்கு உங்கள் பக்கம். பாலத்தில் நெரிசல் என்றால் பஸ் முழுக்க முனகும். நீங்கள் மட்டும், "நல்லா மாட்டிக்கட்டும்லா, இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கி இருக்கு" என்பீர்கள். பஸ் கேட்டுக்குள் திரும்பும்போது புத்தகத்தை டப்பென்று மூடுவீர்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அந்தச் சத்தத்தில்தான் எழுந்து பையைத் தேடினார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு உங்கள் சிறுநீரகம் கைவிட்டது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். இடது கையில் ஊசி குத்தி இயந்திரத்தோடு இணைத்துவிட்டால் அந்தக் கை அசையக்கூடாது. ஆயர் ஈத்தாமில் நாம் இருந்தது ஒரே அடுக்குமாடி என்பதால் என் காரில்தான் போய்வந்தோம். முதல் நாள் நீங்கள் ஒரு தடித்த நாவலைக் கொண்டுவந்தீர்கள். ஒரே கையால் பிடிக்கவும் வேண்டும், பக்கம் புரட்டவும் வேண்டும். புத்தகம் நெஞ்சில் விழுந்தது, பிறகு மடியில், பிறகு தரையில்.

"நர்ஸக் கூப்பிடுங்களேன்" என்றேன்.

"பக்கத்துக்குப் பக்கம் கூப்பிட்டா அந்தப் பொண்ணு அவ வேலய எப்ப பாப்பா?"

"அப்ப நான் உக்காந்து படிச்சுக் காட்டுறேன்."

"ஐயோ வேணாம் தாயே. நீ படிச்சா கதாநாயகியும் வில்லனும் ஒரே குரல்ல சண்ட போடுவாங்க."

சிரித்தோம். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் புத்தகம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டீர்கள். நான்கு மணி நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தீர்கள். ஊசிக்கு அசராதவர், படிக்க முடியாமல் போனதும் சுருங்கிப்போனீர்கள். அந்த நாட்களில்தான் உங்களை நினைத்து எனக்கு முதன்முதலில் பயம் வந்தது.

கோலாலம்பூரிலிருந்து உங்கள் தம்பி அந்த மின்நூல் கருவியை அனுப்பிவைத்தார். நீங்கள் அதை ரீடர் என்பீர்கள். வலது கையில் பிடித்துக் கட்டைவிரலால் தொட்டால் பக்கம் மாறியது. உங்கள் முகத்தில் விளக்கு எரிந்தது. பின்பக்கம் திருப்பத்தான் விரல் எட்டவில்லை. "பின்னாடி போவ முடியலன்னா பரவால்ல, முன்னாடி போனா போதும்" என்றீர்கள். அந்த வாரமே உங்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வந்தது. கை தளர்ந்து ரீடர் தரையில் விழுந்தது. நர்ஸ்கள் ஓடிவந்து காலைத் தூக்கிவைத்தார்கள். கண் திறந்ததும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "ஒடஞ்சிருச்சா?"

எனக்கு வந்ததே கோபம். "உயிர் போய் வருது, மெஷினக் கேக்குறீங்களே!"

"உயிரப் பாக்க நர்ஸ் இருக்காங்க. இதப் பாக்க யாரு இருக்கா?"

ஒரு மூலை நசுங்கியதோடு அது தப்பித்தது. மறுநாளே உறை வாங்க கொம்தார் பக்கம் போனோம். நான் பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். மூன்றாவது கடையில் எனக்குக் கால் கடுத்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த சீனப் பெண் ஒவ்வொரு உறையாக எடுத்து வைத்தாள். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டீர்கள். அதை அசைக்கவே இல்லை. வலது கையால் மட்டும் எடுத்தீர்கள், திறந்தீர்கள், மூடியைப் பின்னுக்கு மடக்கினீர்கள், மூடினீர்கள்.

"ஆன்ட்டிக்கு அந்தக் கை சரியில்லையா?" என்று அவள் மலாயில் கேட்டாள்.

"நல்ல கைதான். அதுக்கு வேற வேல இருக்கு" என்றீர்கள்.

பூ வேலை செய்த துணி உறையை நான் ஆசையாக எடுத்துக் கொடுத்தேன். துணியை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க முடியாது, ரத்தம் பட்டால் போகாது என்று ஒதுக்கினீர்கள். தோல் உறை கனம், நான்கு மணி நேரத்தில் மணிக்கட்டு போய்விடும் என்றீர்கள். கை நுழைக்க முதுகில் எலாஸ்டிக் பட்டை இருக்கவேண்டும், இன்னொரு தடவை மயங்கினாலும் விழாது. அதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரியாதது மூடி விவகாரம்தான். ஒவ்வொன்றையும் மூடி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டீர்கள். காந்தம் பலமாக இருந்தால் ஒரு கையால் திறக்க முடியவில்லை. இலேசாக இருந்தால் ஓசையே இல்லாமல் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண், "இது ரொம்ப நல்லது ஆன்ட்டி, சத்தமே வராது" என்று பெருமையாக நீட்டினாள்.

"எனக்குச் சத்தம் வேணும்" என்றீர்கள்.

நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அலாமாக், பஸ் பழக்கம் இன்னும் போகவில்லை என்று நான் மனத்துக்குள் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒருவழியாக எல்லாம் பொருந்திய ஒன்று கிடைத்தது. ஆனால் அது கறுப்பு. உங்களுக்கு மஞ்சள் வேண்டும். மஞ்சள் வரவழைக்க இரண்டு வாரம் ஆகும் என்றாள்.

"கறுப்பே இருக்கட்டுமேக்கா. ஒரு கவருக்கு இவ்ளோ யோசனயா?" என்று நான் வெடித்தேன்.

நீங்கள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. மெதுவாகத்தான் சொன்னீர்கள். "இந்த நோயி என் வாரத்துல மூணு நாள எடுத்துக்கிச்சு. உப்ப எடுத்துக்கிச்சு. தண்ணிய அளந்து குடிக்கச் சொல்லுது, சரின்னு குடிக்கிறேன். கலரையும் அதுகிட்டயே குடுக்கச் சொல்றியா?"

நானே அந்தப் பெண்ணிடம் மஞ்சளுக்குச் சொல்லிவைத்தேன். இரண்டு வாரம் நீங்கள் ரீடரை ஒரு கைத்துண்டில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டுக் கொண்டுவந்தீர்கள். மஞ்சள் உறை வந்ததும் அதைத்தான் வாங்கினீர்கள்.

சத்தம் எதற்கு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் உங்களை அழைத்துப்போக முன்னதாகவே வந்துவிட்டேன். நர்ஸ் உள்ளே விட்டாள். பக்கத்து நாற்காலியில் மக்சிக் உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் தமிழ் நாவலைத் திரையில் வைத்துக்கொண்டு மலாயில் கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கதாநாயகிக்குச் சல்மா என்று பெயரே மாற்றிவிட்டீர்கள். ஃபெர்ரி துறையருகே கோப்பிக் கடை வைத்திருக்கிறாள் சல்மா. சின்ன வயதில் காணாமல்போன அண்ணன் நான்தான் என்று ஒருவன் வந்து நிற்கிறான். சல்மா கடைக் கதவைத் திறந்து அவனை மேலும் கீழும் பார்க்கிறாள். அவ்வளவுதான். டப்.

"இஸ்னின், சம்புங்" என்றீர்கள். திங்கட்கிழமை தொடரும்.

மக்சிக் மலாயில் உங்களைத் திட்டிய திட்டு நிலையம் முழுக்கக் கேட்டது.

காரில் ஏறியதும் சொன்னீர்கள். மக்சிக்கின் கணவர் போய்விட்டார், பிள்ளைகள் தூரத்தில். "போதும், இனிமே வரல" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு இரண்டு தடவை வராமலே இருந்தார். வராவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும். நர்ஸ் கெஞ்சினாள், டாக்டர் மிரட்டினார். நீங்கள் கதையை ஆரம்பித்தீர்கள். "நடுவுல நிறுத்துனாத்தானே மறுநாளு வருவா? சும்மா நிறுத்துனா இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு கேப்பா. டப்புன்னு ஒரு சத்தம் கேட்டாத்தான் இன்னிக்கிக் கத முடிஞ்சதுன்னு புரியும்."

"புத்தகம் தீந்து போனா என்ன செய்வீங்க?"

நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தீர்கள். "அது எப்பவோ தீந்து போச்சுலா. புத்தகத்துல அண்ணனே கெடயாது. நான்தான் இழுத்துக்கிட்டுப் போறேன். சும்மா தெரயப் பாக்குற மாதிரி பாத்துக்குவேன்."

அக்கா, எத்தனையோ கெட்டிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் பிரிவில் நீங்கள் ஒரு பார்வையில் பிழை கண்டுபிடித்தபோதெல்லாம் வியந்திருக்கிறேன். ஆனால் ஊசி குத்திய கையோடு படுத்துக்கொண்டு, மொழி வேறான ஒருத்திக்கு அடுத்த நாளை உண்டாக்கிக் கொடுத்த உங்களைப் போல யாரையும் பார்க்கவில்லை. இதை உங்கள் முகத்துக்கு நேராக ஒரு தடவையும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால், "ரோட்டப் பாத்து ஓட்டு" என்றிருப்பீர்கள்.

உங்களுக்கும் அலுத்த நாள் உண்டு. மழை கொட்டிய ஒரு புதன்கிழமை, ஜெலுத்தோங் திருப்பத்தில், "வேணாம், வீட்டுக்கே திருப்பு. இன்னிக்கி முடியல" என்றீர்கள். உங்கள் குரலை நான் அப்படிக் கேட்டதே இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கண்ணாடித் துடைப்பான் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சல்மா கதவத் தொறந்துட்டு நிக்கிறா" என்றீர்கள். "போ, போ. அவள எம்புட்டு நேரம் நிக்க வைக்கிறது." போனோம். மக்சிக் வரவேண்டும் என்று சொன்ன கதை உங்களையும் கூட்டிக்கொண்டு போனது. அன்றைக்கு நான் வெளியே உட்கார்ந்து அழுதேன். இதையும் சொன்னதில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை, சல்மா அந்த மனிதனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீ நெசமாவே என் அண்ணன்னா, அன்னிக்கி மழையில அம்மா உன்ன எதுக்கு அடிச்சாங்க?" அவன் வாயைத் திறந்தான். டப். இஸ்னின் என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

திங்கட்கிழமை நான் நிலையத்துக்குச் சொல்லப் போனேன். மக்சிக் உங்கள் காலி நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விஷயம் புரிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், "அவன் என்ன சொன்னான்?"

எனக்கு எப்படித் தெரியும்? ரீடரில் தேடினால் இருக்குமா? உங்களுக்காவது தெரியுமா என்பதே சந்தேகம். ஆனால் மக்சிக்கின் முகத்தில் பழைய "போதும்" எட்டிப்பார்த்தது. மறுபடி புதன்கிழமை உங்கள் மஞ்சள் உறையோடு போய் உட்கார்ந்தேன். திரையைப் பார்த்துக்கொண்டு, என் ஓட்டை மலாயில், அவன் மன்னிப்புக் கேட்டான், சல்மா ஓடிவந்து கட்டிப்பிடித்தாள் என்றேன். மக்சிக் உதட்டைப் பிதுக்கினார். "உன் அக்கா இப்படிச் சொல்லமாட்டா."

எனக்குச் சுருக்கென்றது. இல்லை இல்லை, அது சல்மா கண்ட கனவு என்று சமாளித்தேன். நிஜத்தில் அவன் வாயைத் திறந்து, முதலில் ஒரு கோப்பி குடு, பிறகு சொல்கிறேன் என்றான். சல்மா தண்ணீரை அடுப்பில் வைத்தாள். டப்.

மக்சிக் என்னை முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஹா, இது அவ கததான்."

அதிலிருந்து வாரம் மூன்று நாளும் போகிறேன். எனக்குக் கதை சொல்ல வராது, உங்களுக்கே தெரியும். சல்மாவும் அண்ணனும் இன்னும் ஒரே குரலில்தான் சண்டை போடுகிறார்கள். அம்மா எதற்கு அடித்தாள் என்பதை இன்றுவரை சொல்லவில்லை.

ஆகவே இன்று காலை கொம்தார் பக்கம் அதே கடைக்குப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு உறையாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தபோது அந்தச் சீனப் பெண், "உங்களுக்கும் கை சரியில்லையா ஆன்ட்டி?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தேன். என் இடது கை மடியில் மல்லாந்து கிடந்தது. நான் அதை வைத்ததாகவே நினைவில்லை. அவளுக்கு உங்களை ஞாபகம் வந்துவிட்டது. "மஞ்சள்தானே? சத்தம் வரணும், இல்லயா?" என்றாள். மஞ்சளும் ஒன்று வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அது உங்கள் நிறம், அக்கா. நான் பச்சை எடுத்தேன்.

மத்தியானம் மக்சிக் பச்சை உறையைச் சந்தேகமாகப் பார்த்தார். கதையைச் சொன்னேன். கோப்பி ஆறியது, அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தான், "அம்மா என்ன அடிக்கவே இல்ல, உன்னத்தான்" என்றான். சல்மாவின் முகம் மாறியது. டப்.

நல்ல கணீரென்ற சத்தம். மக்சிக் கண்ணை மூடித் தலையாட்டினார். "இஸ்னின்?" என்று கேட்டார்.

"இஸ்னின்" என்றேன்.

நான் எழுந்தபோது ஊசியில்லாத கையால் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். "அவளும் இஸ்னின்னுதான் சொன்னா. வரல. நான் வருவேன், நீ வரணும்."

வருவேன் என்று சொல்லியிருக்கிறேன், அக்கா.