நான் போட்ட பூஜ்யங்கள்

துனிஸ்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ராதியா டாக்டருக்கு,

ஸலாம். நலமாக இருப்பீர்கள் என்று எழுதுவது முறை. வேலை போனவரிடம் அப்படி எழுதுவது கொழுப்பு. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

என் நண்பன் வசீம் டிராம் கதவில் தொங்கிக்கொண்டு வந்து என் கண் முன்னால் விழுந்து செத்தபின், டிராம் சத்தத்துக்கே நடுங்கியவனை, டிராமிலேயே ஏற்றி நான்கு நிறுத்தம் வரை கூட்டிப்போனீர்கள். நீங்கள் போனபின் என் நடமாட்டம் தெருமுனையோடு சரி.

சிகிச்சையின் ஒலிப்பதிவில் பதினொரு நிமிடம் நாம் சிரித்ததைக் கேட்டுவிட்டு, "இது சிகிச்சையா, கல்யாண வீடா?" என்று உங்களை வேலையை விட்டு நீக்கினாராம், இந்தச் சிகிச்சை ஆராய்ச்சியின் தலைவர் பெஷீர். குணமாக்குவது கையேட்டில் உள்ள முறை, ஆள் யாரானாலும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. முதலில் ஆளை நம்ப வேண்டும் என்பது உங்கள் கட்சி. ஓட்டுப் பெட்டி நான்.

உங்களுக்குப் பதில் வந்த லொத்ஃபி டாக்டருக்கும் அதே கையேடு, அதே படிகள்தான். ஆனால் என்னைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்ப்பார். "பயம் பத்துக்கு எத்தனை?" என்றார். "உங்க டைக்கு ஆறு போடலாம், டாக்டர்" என்றேன். சிரிக்காமல் ஆறு என்று எழுதிக்கொண்டார்.

அந்தக் கடுப்பில் ஒரு வேலை செய்தேன். வாராவாரம் நிரப்பும் பயப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் பூஜ்யம் போட்டேன். விளையாடுகிறான் என்று கண்டுபிடித்து, உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். நம்பிவிட்டார்கள். உங்களிடம் உண்மையாக எழுதிய ஏழும் எட்டும் உங்கள் தோல்வியாம். என் பூஜ்யங்கள் லொத்ஃபியின் வெற்றியாம். முறைதான் ஜெயித்தது என்று கட்டுரையும் எழுதியாகிவிட்டது.

திங்களன்று பெஷீருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "குறும்பு போதும் தம்பி, போய்ப் பரீட்சைக்குப் படி" என்று வைத்துவிட்டார். நான் விளையாடாமல் பேசியது அந்த ஒருமுறைதான்.

புதன்கிழமை பள்ளி இறுதித் தேர்வு. டிராமில் ஆறாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும். டாக்சி வைத்துக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. அந்தச் சாலையும் தண்டவாளத்தை ஒட்டித்தான் போகிறது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

உங்கள் பெயரைக் கெடுத்தவனுக்கு எதுவும் கேட்க உரிமையில்லை. வர வேண்டாம் என்று பெரிய மனிதனாட்டம் முடிக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. புதன் காலை ஏழரை மணிக்கு டிராம் நிறுத்தத்தில் நிற்பேன். திட்டுவதற்காகவாவது வாருங்கள்.

அல்லாஹ் உங்களுக்கு இதைவிட நல்ல வேலை தரட்டும். புதன்கிழமைக்குப் பிறகு தரட்டும்.

இப்படிக்கு,
உனைஸ்