பருத்திமார் கழிவு அல்ல

18 ஏப்ரல் 2001, புதன்

வீட்டுக்கு வீடு அடுப்பில் என்ன எரிக்கிறார்கள் என்று கணக்கெடுக்க இன்று ஓர் அரசு ஊழியர் வந்தார். என் அடுப்படியில், பஞ்செடுத்த பின் விறகாகும் பருத்திமார்க் கட்டுகளைப் பார்த்ததும் படிவத்தில் ‘கழிவு’ என்ற கட்டத்தில் குறியிட்டார். அதை அடித்துவிடச் சொன்னேன்.

“பருத்திமாருக்குத் தனிக் கட்டம் இல்லம்மா. அரசாங்கக் கணக்குல இது கழிவுதான்.”

“நீரு போட்டிருக்கிற சட்டை பருத்தி. அது காச்ச செடி மட்டும் கழிவாக்கும்?”

பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் சிரித்தாள். “கான்வென்ட்டுல படிச்சவியகிட்ட வாயக் குடுத்துட்டீயளே, அண்ணாச்சி.”

என் கணவர் போன பிறகு, ஆள் வைத்து நானே விதைத்த முதல் பருத்தி இது. பிடுங்கிய மாரை வெயிலில் காயவைத்துக் கட்டியதும் நான்தான். அதைக் கழிவு என்று சொல்லும் தாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். குடும்பத் தலைவர் கையெழுத்து இல்லாமல் தாள் செல்லாதாம். அந்த ஊழியரின் பேனாவையே வாங்கி, ‘கழிவு’ என்பதை அடித்து, மேலே ‘பருத்திமார்’ என்று எழுதினேன். ‘குடும்பத் தலைவர்’ என்ற இடத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன்.

மேலே இருப்பவர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அனுப்பட்டும். மறுபடியும் அதையேதான் எழுதுவேன்.

இரவுச் சோற்றுக்கு அந்த மாரைத்தான் அடுப்பில் வைத்தேன். ஒரே தீக்குச்சியில் பிடித்துக்கொண்டது.