உன் தங்கையை இனி மேடையில் நிறுத்த மாட்டேன்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் உன் தங்கையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்கபடி உடுத்திக்கொண்டு நன்றாக இருப்பாய் என்ற நினைப்போடுதான் இதை எழுதுகிறேன். அம்மாவுக்கு இந்த வாரம் ஆஸ்பத்திரியில் பகல் வேலை, அதனால் சமையல் என் கையில், உப்பு கூடிப்போனதென்று உன் தங்கை ஒரு சொம்புத் தண்ணீரை என் எதிரே உட்கார்ந்து குடித்துக் காட்டினாள். போனிலேயே பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நீ பேசினால் நான் உம் கொட்டுவதோடு சரி, எனக்கு வாய் வருவதற்குள் நீ வைத்துவிடுகிறாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதற்கு உம் கொட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. “அப்பா, அவளையும் உங்க லிப்ட் கிணத்துக்குள்ளயே வெச்சிருக்கப் போறீங்களா” என்று லிப்ட் பழுது பார்க்கிற என்னைக் கேட்டாய். கேட்க உனக்கு உரிமை உண்டு, அவள் உன் தங்கை. ஆனால் அவளை நான் நிறுத்திவிட்ட பள்ளிக்கூடத்துப் பிரின்சிபால் அம்மா உன்னிடம் சொன்னது பாதிதான். மீதியையும் கேட்டுவிட்டுப் பிறகு என்னைத் திட்டு.

நீ கல்லூரிக்குப் போன பிறகு பிறந்தவள், ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொண்டோம். மூன்று வயதில் ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு கடைப் பலகைகளை எல்லாம் படித்தாள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒரு விடுமுறை நாளில் அம்மாவுக்கு வேலை இருந்ததால் நான் லிப்ட் கதவு பழுது பார்க்கப் போன இடத்துக்கு அவளையும் கூட்டிப் போனேன். பட்டன் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றவள், “இந்த ரெண்டுக்கு முன்னாடி ஏன்பா கோடு போட்டிருக்கு” என்றாள். அது தரைக்குக் கீழே, கார் நிறுத்துகிற இடம் என்றேன். கொஞ்ச நேரம் விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாவது மாடியிலிருந்து ஐந்து மாடி இறங்கினால் கோடு போட்ட இரண்டுக்குப் போகலாம் என்று சொன்னாள். சரிதான் என்றேன். அதற்கும் கீழே கோடு போட்ட மூன்று உண்டா என்றாள். இந்தக் கட்டடத்தில் இல்லை என்றேன். “கட்டடத்துல இல்லப்பா, எண்ணுல இருக்குமில்ல” என்றாள். அப்போது அவளுக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. என் கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றுவிட்டது. சந்தோஷமா பயமா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

இது பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்ததும் அவர்களுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாடம் நடக்கும்போதே அவளை வகுப்பிலிருந்து எழுப்பிப் பிரின்சிபால் அறையில் உட்கார வைப்பார்கள், பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்களிடம் ஏதாவது ஒரு கணக்குக் கேளுங்கள் என்பார்கள். பள்ளி வேனின் பின்பக்கத்தில் அவள் படத்தைப் போட்டு, எங்கள் குட்டி மேதை என்று எழுதினார்கள். மாலையில் தன்னைப்போல் இரண்டு பங்கு வயதுப் பிள்ளைகளோடு போட்டிக்கென்று தனி வகுப்பு, விளக்கு வைத்த பிறகுதான் வீட்டுக்கு வருவாள். உன் சித்தப்பா வேறு, வந்தபோதெல்லாம் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றான். அந்த ஒரு பருவத்துக்குள் பிள்ளை கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள், மகளே. நாள் முழுக்க ஏன் ஏன் என்று நம் உயிரை வாங்கினவள் வாயே திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். பிறகு ஒரு பரீட்சையில் மூன்றும் இரண்டும் ஏழு என்று எழுதியிருந்தாள். அம்மாதான் மடியில் போட்டுக்கொண்டு மெதுவாக விசாரித்தாள். பக்கத்தில் உட்காருகிற பேக்கரிக்காரர் மகள், நீ பெரியவங்க கிளாஸ், எங்ககூட வராதே என்று சொல்லிவிட்டாளாம். அதனால் தப்பாக எழுதினாளாம்.

இவ்வளவும் ஆன பிறகு ஆண்டு விழா வந்தது. நான் வேலையிலிருந்து நேரே போய் எண்ணெய்க் கறைச் சட்டையோடு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உன் தங்கையை ஒரு நாற்காலியின் மேல் ஏற்றி நிறுத்தி மைக்கை வாய்க்கு நேராக இறக்கி வைத்தார்கள். விருந்தாளியாக வந்த பெரியவர் நல்ல மனிதர்தான், சிரித்துக்கொண்டே பன்னிரண்டைப் பதினைந்தால் பெருக்கினால் என்ன வரும் என்று கேட்டார். தெரியாது என்றாள். ஏழும் எட்டும் எவ்வளவு என்றார், அதற்கும் தெரியாது என்றாள். சரி, உன் பேர் என்னம்மா என்றார். “தெரியாது.” சபை மொத்தமும் சிரித்தது. பிரின்சிபால் அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டு காதோடு ஏதோ சொன்னார், மைக் அதையும் வாங்கிக்கொண்டது: “பதில் சொல்லிட்டுத்தான் எறங்கணும்.” அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, “இன்னும் என்ன உட்கார்ந்திருக்கீங்க” என்றாள். பக்கவாட்டுப் படியில் ஏறிப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன். இன்னும் ரெண்டே கேள்விதான் சார் என்றார் அந்த அம்மா. போதும்மா என்றேன், அதுவும் மைக்கில் கேட்டது, யாரும் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அவளாகவே சொன்னாள்: “தெரியும்னு சொன்னா இன்னொண்ணு கேப்பாங்கப்பா. தெரியாதுன்னாத்தான் விடுவாங்க.” அம்மா அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள், வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை.

மறுநாள் பிரின்சிபால் அறைக்குப் போனேன். ஆயிரத்தில் ஒரு பிள்ளை, நீங்களே கெடுத்துவிடாதீர்கள் என்று அந்த அம்மா சொன்னார். ஒன்று, நாங்கள் சொல்கிறபடி தனி வகுப்பும் போட்டியும் மேடையும். இல்லையென்றால் எல்லாரையும்போல் உட்கார்ந்து ஒன்று இரண்டு எழுதட்டும் என்றார். வேறு வழியே கிடையாதா என்றேன். கிடையாது என்றார். அப்படியானால் டி.சி.யைக் கொடுங்கள், வேனில் இருக்கிற படத்தையும் எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். படத்தை உடனே எடுக்க முடியாது என்றார்கள். வேன் கிளம்புவதற்குள் ஒரு வாளித் தண்ணீரும் சுரண்டியும் வாங்கிக்கொண்டு நானே சுரண்டி எடுத்தேன், டிரைவர் வாளியைப் பிடித்துக்கொண்டார். இதைத்தான் அப்பா ரகளை பண்ணினார் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆமாம், பண்ணினேன். வேண்டுமானால் இன்னொரு தரமும் பண்ணுவேன்.

இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறோம். அங்கே ஒரு டீச்சர், “இவளுக்கு எதைச் சொல்லித் தரணும்னு எனக்கே தெரியலைங்க, ஆனா கேக்காதேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்” என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். கணக்குப் பாடத்துக்கு மட்டும் நாலாம் வகுப்பில் போய் உட்காருகிறாள், மற்றதெல்லாம் தன் வயதுப் பிள்ளைகளோடு. ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்துவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டு அழுதாள், அடுத்த நாளும் ஓடினாள். அவள் அறிவு வீணாகிவிடும், எட்டு வயதானதும் நான் கூட்டிக்கொண்டு வந்து இங்கே பெரிய இடத்தில் சேர்க்கிறேன் என்கிறாய். அவளாக வருகிறேன் என்று சொல்லட்டும், நானே பெட்டி கட்டித் தருகிறேன். நீ அனுப்புகிற புத்தகம் எல்லாம் வரட்டும், மணிக்கணக்காகச் சொல்லிக் கொடு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அவளைப் பத்துப் பேர் நடுவில் நிறுத்தி எவனாவது கேள்வி கேட்டால் நிற்பேன், அது நீயாக இருந்தாலும் நிற்பேன். நீ படித்த படிப்பெல்லாம் உன் உழைப்பு, அதை நினைத்து நானும் அம்மாவும் பூரிக்காத நாள் இல்லை. அதற்காக இவளை எப்படி வளர்ப்பதென்று உனக்குத்தான் தெரியும் என்று ஆகிவிடாது. ஐந்து வயசுக்காரி ஐந்து வயசுக்காரியாக இருந்துவிட்டுப் போகட்டுமே.

நேற்று ஒரு கேள்வியோடு வந்தாள். அவளும் முன்பல் விழுந்த ஒரு புதுச் சிநேகிதியும் பள்ளிக்கூடத்தில் ஒரு பிஸ்கட்டைப் பாதியாக்கி, அந்தப் பாதியைப் பாதியாக்கி, அப்படியே உடைத்துக்கொண்டே போயிருக்கிறார்கள். இப்படியே பண்ணினால் பிஸ்கட் தீரவே தீராதா என்று இவள் கேட்டாளாம். சிநேகிதி கடைசித் துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தீந்துபோச்சு பாரு என்றாளாம். இருவரும் சிரித்த சிரிப்பு வீட்டுக்கு வந்தும் இவளுக்கு அடங்கவில்லை. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை, அக்காவைத்தான் கேட்கணும் என்றிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போனை அவளிடமே கொடுக்கிறேன். அவள் கேட்பதற்கு நீ பதில் சொல், நீயாக ஒன்றும் கேட்டுப் பார்க்காதே. உனக்கும் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லிவிடு.

மழை நாளில் சைக்கிளில் போகாதே, இருமல் விட்டதா என்று மறக்காமல் எழுது. எந்த நோயும் அண்டாமல், நினைத்த காரியம் எல்லாம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் வாழ்த்துகிறோம்.

பிடிவாதத்தில் உனக்கு முன்னால் பிறந்த
உன் அப்பா