பூசணி மகரந்தமும் அம்மாவின் கையும்

12 மார்ச் 2006, ஞாயிறு

பூசணிப் பிஞ்சுகள் வெம்பி உதிர்வதற்குக் காரணம் அம்மாவின் கை இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் முடிவு தெரிந்ததும் அதைச் சொல்லத்தான் ஊருக்கு, மங்கலத்துக்கு, ஓடி வந்தேன். தினமும் காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தொட்டுவைப்பவள் அம்மா. அப்பா இறந்த பிறகு காயே பிடிக்கவில்லை. "தாலியறுத்தவ கை பட்டா எப்படிக் காய்க்கும்?" என்று பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

அடுப்படியில் அம்மாவுக்கு விளக்கினேன். மகரந்தத்தில் ஒரு நொதி இருக்கிறது. அது சர்க்கரையை உடைத்துக் கொடுத்தால்தான் மகரந்தம் முளைத்துச் சூல்வரை போகும். நல்ல தண்ணீர் ஊற்றிய செடியில் அது வேலை செய்கிறது. நம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய செடியில் செய்யவில்லை. எல்லாம் சாயப்பட்டறைக் கழிவிலிருந்து ஆற்று வழியாகக் கிணற்றில் இறங்கிய உப்பு.

அம்மா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எந்தப் பட்டறை கண்ணு?" என்றாள்.

கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆற்றில் எங்கள் தோட்டத்துக்கு மேலே இருப்பது ஒன்றுதான். அண்ணன் அங்கேதான் வேலை பார்க்கிறான். என்னைப் படிக்கவைப்பதும் அந்தச் சம்பளம்தான்.

"அவங்கிட்டச் சொல்லீராத சாமி. தெரிஞ்சா வேலைய உட்டுட்டு வந்துருவான். என்ர கை ராசியில்லைன்னே இருந்துட்டுப் போவுது."

சரி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

சாயங்காலம் பெரியப்பா வந்தார். தோட்டத்தைப் பார்த்துவிட்டுப் பழையபடி அதையே சொன்னார். "ஆமாங்க" என்று சொல்லி அம்மா காபி கொடுத்தாள். ஞாயிறு என்று வீட்டிலிருந்த அண்ணனும் அதற்குத் தலையாட்டினான். அவனும் அதை நம்புகிறான் என்று இன்றுதான் தெரிந்தது.