பாதிச் சாவி இல்லாத கிளாரினெட்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே அனல். கிளாரினெட்டின் ஊதுநாணல், ரீடு, இரண்டும் கழுவிக் காயவைத்தேன். கிளாரினெட் பட்டப்படிப்புக்கு இரண்டு இடங்களில் விண்ணப்பம். சென்னையில் மேற்கத்திய இசைத் துறை, நேரில் வாசிக்க வேண்டும். தெற்கே ஒரு பல்கலையில் கர்நாடக இசை, ஒலிப்பதிவு போதும், அனுப்பியாயிற்று. வயது வரம்பு இல்லை என்பதை மீண்டும் படித்து உறுதி செய்தேன். எனக்கு அறுபத்தேழு. இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். கூச்சமாக இருக்கிறது.

மனைவி மரகதம்: "பேரன் காலேஜ் போற வயசுல இவரு போறாராம். ராகிங் பண்ணாங்கன்னு அழுதுக்கினு வராதீங்க."

ஜூன் 5, வியாழன்

சென்னை. பேராசிரியைக்கு என் மகள் வயதுகூட இருக்காது. கிளாரினெட்டை வெளியே எடுத்ததும் எழுந்தே விட்டார்.

"சார், இதுல பாதி கீ எங்க?"

புரியவில்லை. தன்னுடையதைக் காட்டினார். நெடுக, துளைகளை மூடித் திறக்கும் வெள்ளிச் சாவிகள். என்னுடையதில் ஐந்தாறுதான், மற்ற துளைகளில் மெழுகு. எங்கள் ஊர் ஓரிக்கையில் எனக்குச் சொல்லித்தந்த கல்யாணக் கச்சேரிக்காரர், கமகத்தின் அசைவு வழுக்கிக்கொண்டு வரவேண்டும் என்று மீதியைக் கழற்றியிருக்கிறார். வாங்கித் தந்தவரும் அவரே. கிளாரினெட்டே இப்படித்தான் என்று இத்தனை வருடம் நம்பினேன். படங்களில் பார்க்கவில்லையா? பார்த்தேன். விலை உயர்ந்த ரகம் என்று நினைத்துக்கொண்டேன். படித்தவன்!

வாசித்தேன். ரசித்துக் கேட்டார், அதுதான் வலித்தது.

"பிரமாதம் சார். சீட் தர்றேன். ஆனா விரல் வைக்கறதுல இருந்து புதுசா ஆரம்பிக்கணும்."

பிறகு ஒரே ஒரு ஸ்வரம் ஊதிக் காட்டினார். துளி அசைவில்லாமல் நின்றது. எனக்கு அப்படி நிறுத்தத் தெரியாது.

ஜூன் 6, வெள்ளி

தெற்கேயிருந்து தொலைபேசி. இடம் உண்டு, இதே கருவியோடு வரலாம். இரண்டு இடத்துக்கும் திங்களுக்குள் பதில் சொல்லவேண்டும்.

மரகதம்: "அப்புறம் இன்னா யோசன? வர்றத வாசிங்க."

பக்கத்து வீட்டு நெசவாளர் தறியை விட்டு எழுந்து வந்தார். "இன்னா சார், ரெண்டு நாளா சத்தத்தையே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" ஆமாம் என்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

தெற்கு. முடிவு. எல்லா வகையிலும் அதுவே நியாயம். இரண்டு வாய் சோறு இறங்கியது.

ஜூன் 9, திங்கள்

மேகமூட்டம். தெற்குக்குச் சொல்லத்தான் போனை எடுத்தேன். காதில் அந்த அசையாத ஸ்வரம். அழைத்தது சென்னையை. பேராசிரியையே பேசினார்.

"சேர்றேன்மா."

என் குரலா அது?

மரகதம் முறத்தோடு நின்றுவிட்டாள். "எங்க, மொதல்லேர்ந்து கத்துக்கணும்னாங்களே, அங்கயா?"

"ஆமாம்."

"இந்த வயசுல?"

"ஆமாம்."

தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும்.